நிரல்மொழிப் புத்தகம்: வாங்கும்போதும் படிக்கும்போதும் செய்யக்கூடாதவை

அட்டையைப் பார்த்துப் புத்தகம் வாங்குபவர்கள் பதிப்பாண்டைப் பார்ப்பதில்லை. முதல் தவறு இதுதான். பெரிய தவறும் இதுதான்.

கணினிக்கு நிரல் எழுதும் மொழிகளில் ஒன்றான பைத்தானின் மூன்றாம் வெர்ஷன், பைத்தான் 3, வெளிவந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. ஆனாலும் பழைய மொழிக்கு எழுதிய நூல்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் உள்ளபடி, விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட் கட்டளையை அடைப்புக்குறி இல்லாமல் அடித்தால் உடனே எர்ரர் வரும். அது நல்லது, அங்கேயே திருத்திக்கொள்ளலாம். எர்ரர் எதுவும் வராமல் விடை மட்டும் மாறினால்தான் ஆபத்து. 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழைய பைத்தானில் 3, இன்றைய பைத்தானில் 3.5. இரண்டு எண்களை, நாம் அடிப்பதை உள்வாங்கும் இன்புட் கட்டளை மூலம் வாங்கிக் கூட்டும் பழைய நிரலை இன்று ஓட்டி, 5, 5 என்று கொடுத்துப் பாருங்கள்: 10 வராது, 55 வரும். இப்போது இன்புட் எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகவே (எண்ணாக அல்ல, வெறும் எழுத்துகளின் வரிசையாக) தருகிறது. இரண்டு சரங்களைக் கூட்டினால் அவை ஒட்டிக்கொள்ளும். புதிதாகப் படிப்பவருக்கு இது தெரியாது. தன் மேல்தான் தப்பு என்று நினைத்துச் சோர்ந்துவிடுவார்.

சி மொழியிலும் இதே கதைதான். டர்போ சி என்ற பழைய கம்பைலர் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) காலத்து நூல்களில் கிட்டத்தட்ட எல்லா நிரலும் திரையைத் துடைக்கும் கட்டளையோடு தொடங்கும். லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலர் அதைக் கம்பைல் செய்யாது. ஒரு வரியை உள்வாங்கும் ‘கெட்ஸ்’, நினைவகத்தின் எல்லையைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போகும் என்பதால் 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் அதை நீக்கியே விட்டார்கள். ஜாவாஸ்கிரிப்டில் 2015-க்கு முந்தைய நூல் என்றால் மாறிகளை அறிவிக்கும் லெட், கான்ஸ்ட் இரண்டும் இருக்காது. ஆகவே எந்த வெர்ஷனுக்காக எழுதியது என்று முன்னுரையில் தேடுங்கள். உங்கள் கணினியில் இருப்பதோடு ஒப்பிட்டுவிட்டுப் பிறகு வாங்குங்கள். அல்காரிதம் (கணக்கைத் தீர்க்கும் படிமுறை), டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கிவைக்கும் முறை) நூல்களுக்கு மட்டும் இந்தக் கண்டிப்பு தேவையில்லை, அவை அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை.

யாருக்காக எழுதியது என்பதும் முன்னுரையிலேயே இருக்கும். வேறொரு மொழி தெரிந்தவருக்கான நூல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பை அரைப் பக்கத்தில் முடித்துவிடும். முதல்முறை படிப்பவருக்கு அது போதாது. முதல் அத்தியாயத்தை வைத்து நூலை எடைபோடாதீர்கள், அது எல்லா நூலிலும் எளிதாகத்தான் இருக்கும். ஃபங்க்‌ஷன் (பெயர் வைத்து, வேண்டும்போது அழைக்கும் நிரல்துண்டு) பற்றிய அத்தியாயத்தில் நாலைந்து பக்கம் படியுங்கள். அங்கே புரிந்தால் எடுக்கலாம். அத்தியாய முடிவில் பயிற்சிகள் இல்லாத நூலைத் தொடக்கநிலையில் தவிர்ப்பதே மேல்.

இனி வாசிப்பு. கணினியைத் திறக்காமல் நாவல் போல வாசிப்பவருக்கு எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். வெற்றுத் திரை முன்னால் உட்கார்ந்ததும் ஒரு வரி வராது. பிடிஎஃப்-இல் இருந்து காப்பி செய்து ஒட்டுவதும் உதவாது. நேர் மேற்கோள்குறிக்குப் பதில் வளைந்த குறி வந்து விழும், சில கோப்புகளில் வரி எண்ணும் சேர்ந்து வரும், பைத்தானுக்கு உயிரான இன்டென்டேஷன் (வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளி) கலைந்துபோகும். கையால் அடியுங்கள். அடிக்கும்போது விடும் பிழைகளால்தான் எர்ரர் செய்தியைப் படிக்கும் பழக்கம் வரும்.

ஓட்டுவதற்கு முன் விடையை ஊகித்துத் தாளில் எழுதிவையுங்கள். ஒரு பைத்தான் லிஸ்டை (பல மதிப்புகளின் பட்டியலை) ‘அ’ என்று வைத்து, ‘ஆ = அ’ என்று எழுதி, ‘ஆ’-வில் ஓர் உறுப்பைச் சேர்த்தால் ‘அ’ என்னவாகும்? மாறாது என்றே பெரும்பாலும் எழுதுவார்கள். மாறும், இரண்டு பெயரும் சுட்டுவது ஒரே லிஸ்டை. ஊகம் பொய்த்த அந்த இடத்தில் நின்று, ஏன் என்று புரியும்வரை ஒரு வரியை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

பயிற்சிக்கு அரை மணி நேரமாவது முயன்ற பிறகே விடையைத் திறக்கவேண்டும். பார்த்த விடையை மூடிவைத்து, மறுநாள் நினைவிலிருந்து எழுதவேண்டும். நூலில் உள்ளபடியே அடித்தும் ஓடவில்லை என்றால், பதிப்பகத்தின் பிழைதிருத்தப் பட்டியலைப் பாருங்கள், அச்சுப்பிழையாகவும் இருக்கலாம்.

ஒரே நேரத்தில் மூன்று நூல்களைத் திறந்து மூன்றிலும் முதல் நாலு அத்தியாயத்தோடு நிற்பவர்கள் நிறையப் பேர். ஒன்றை முதன்மையாக வையுங்கள். ஒரு பகுதி புரியாதபோது அந்தப் பகுதிக்கு மட்டும் இன்னொன்றைத் திறக்கலாம். வரைகலை, நெட்வொர்க் போன்ற அத்தியாயங்களை வேண்டும்போது படிக்கலாம். சி படிப்பவர், நினைவக முகவரியைக் குறிக்கும் பாயிண்டரை மட்டும் தாண்டக்கூடாது: சரங்கள், அர்ரே, நினைவக ஒதுக்கீடு எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.