அம்மாவின் எஸ்ஓஎஸ் பட்டன் வேலை செய்ய ஆரம்பித்தது இப்படித்தான்

அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். எங்களோடு வாருங்கள் என்றால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்த பிறகு, கழுத்தில் மாட்டும் எஸ்ஓஎஸ் பட்டன் வாங்கிக் கொடுத்தோம். அழுத்தினால், பதிந்து வைத்த எண்களுக்கு வரிசையாகக் கால் போக வேண்டும். போகவில்லை. சின்ன விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

கடைக்காரர் "சிம்மைக் கழற்றி மாட்டிப் பாருங்க சார்" என்றதோடு சரி. பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் 'ஜிஎஸ்எம் 900/1800' என்று இருந்ததைப் பார்த்ததும்தான் விஷயம் பிடிபட்டது. அது பழைய 2ஜி நெட்வொர்க்கில் மட்டும் வேலை செய்யும் கருவி. கடையில் போட்டுக் கொடுத்த சிம்மோ 4ஜி மட்டும் உள்ள நெட்வொர்க்குடையது. 2ஜி சேவையும் தரும் சிம்மைப் போட்டேன், உடனே என் போன் அடித்தது.

ஆனால் குளிக்கப் போகும்போது அம்மா அதைக் கழற்றி வைத்துவிடுவார். வழுக்கி விழக் குளியலறையைவிடத் தோதான இடம் வீட்டில் வேறு ஏது! அங்கே வயர்லெஸ் காலிங் பெல் போட்டேன். பட்டன் தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில். விழுந்தவர் எழுந்து நின்றா அழுத்துவார்? மணி பக்கத்து வீட்டு மாமியின் ஹாலில், இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில். கரண்ட் போனாலும் அடிக்கும். குளியலறைத் தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் வகைக்கு மாற்றியாயிற்று.

ரீசார்ஜ் என் பொறுப்பு, சார்ஜ் போடுவது அம்மா பொறுப்பு. ஞாயிறு காலையில் இரண்டு பட்டனையும் அழுத்திப் பார்ப்பார். மாமிக்கு மட்டும் ஒரு புகார்: காபிப்பொடி கடன் கேட்கவும் அம்மா அந்த மணியைத்தான் அடிக்கிறாராம்.