நாயர் பட்டாளத்தின் தடத்தை ஒரே நாளில் பார்ப்பது எப்படி

திருவிதாங்கூர் மன்னரின் மெய்க்காவலாகவும் போர்ப்படையாகவும் இருந்த நாயர் பட்டாளத்தின் வேர் குமரி மாவட்டத்தில்தான். பலரும் நேரே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போனால் இது ஊர்வலத்துக்கான 'அலங்காரப் படை' என்றே மனதில் பதியும். முதலில் உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள்.

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் தக்கலை பஸ் ஏறி, தக்கலைக்குச் சற்று முன்னால் புலியூர்க்குறிச்சியில் இறங்கவும். கோட்டைக்குள் கூரையில்லாத தேவாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி அவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா முதலில் தன் மெய்க்காவல் படையில் சிலரைத்தான் அவரிடம் பயிற்சிக்கு ஒப்படைத்தார். அவர்கள் தேறிய பிறகே முழுப் படையும் அவர் கைக்கு வந்தது. கல்லில் லத்தீனும் தமிழும் உண்டு. எழுத்து தேய்ந்திருப்பதால் உச்சிவெயிலில் வாசிக்க வராது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். 1765இல் களக்காட்டுப் போரில் இறந்த அவர் மகனும் இங்கேதான் அடக்கம். பீரங்கி வார்த்த உலைக்களமும் இந்தக் கோட்டைக்குள்தான் இருந்தது.

அடுத்து, தக்கலையிலிருந்து ஆட்டோவில் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் ஒரு மணிக்கு டிக்கெட் கவுன்டரை இடைவேளைக்கு மூடுவார்கள், 11 மணிக்குள் போய்விடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும். உப்பரிகை மாளிகையை அவசரமில்லாமல் பாருங்கள். நவராத்திரி விக்கிரகங்கள் திருவனந்தபுரம் புறப்படும்போது மன்னரின் உடைவாள் கைமாறும் இடம் அது. சடங்கை நேரில் காண, நவராத்திரி தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வர வேண்டும். கொலு வைக்கும் நாளன்று வந்தால் ஊர்வலம் போயே போயிருக்கும். இப்போது துப்பாக்கி ஏந்தி மரியாதை செய்வது போலீஸ். களியக்காவிளையில் தமிழகப் போலீஸிடமிருந்து கேரளப் போலீஸ் பொறுப்பேற்கும்.

'அலங்காரப் படை' என்ற பெயர் வந்ததற்குக் காரணம் 1809. திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் இந்தப் படையைக் கலைத்து, அரண்மனைக் காவலுக்கும் சடங்குக்கும் சில நூறு பேரை மட்டும் விட்டுவைத்தார்கள். வீரம் குறைந்து அப்படி ஆனதல்ல.

சாயங்காலம் குளச்சல். கடற்கரையோரம் வெற்றித்தூண் நிற்கிறது. புத்தகங்களில் போர் நாள் ஆகஸ்ட் 10 என்றிருக்கும். ராணுவம் மலர்வளையம் வைப்பது ஜூலை 31. மரியாதையைப் பார்க்க விரும்பினால் ஜூலைத் தேதியையே நம்புங்கள். அன்றைய நாயர் பட்டாளம் இன்று இந்திய ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 9ஆவது பட்டாலியன்.