எண்ணூர்ச் சேற்றில் நண்டின் மூளையைப் படிப்பது எப்படி?

விலங்கின் நரம்பு மண்டலத்தைப் படிக்க லேப்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் காசிமேட்டுப் பிள்ளைகளை நான் எண்ணூர் கழிமுகத்துக்குத்தான் கூட்டிப்போவேன்.

தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து சேற்றைக் கிள்ளித் தின்னும். பெண்ணுக்கு இரண்டும் சின்னக் கொடுக்குதான். உங்களைப் பார்த்ததும் எல்லாம் உள்ளே ஓடிவிடும். அசையாமல் உட்காருங்கள், வரும். இந்தப் பொறுமைதான் பாதி வேலை.

முதலில் பயத்தைச் சோதியுங்கள். தூண்டில் நரம்பில் கட்டிய கறுப்பு மணியைத் தரையோடு இழுத்துப் பாருங்கள், பிறகு நண்டின் கண்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பாருங்கள். மேலே அசைவதைத்தான் அது பறவையாக எடுத்துக்கொண்டு ஓடும்.

அடுத்தது எனக்கு உயிரான சோதனை. வளைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, மேலே கொஞ்சம் சேறு தூவுங்கள். மேயும் நண்டு அதில் ஏறியதும் தாளை மெதுவாக ஒரு சாண் இழுத்துவிட்டுக் கையை உயர்த்துங்கள். நண்டு வளைக்கு ஓடாது; வளை இருக்க வேண்டிய இடத்துக்கு ஓடி, ஒரு சாண் தள்ளி நின்று தேடும். வளையைக் கண்ணால் பார்த்து வரவில்லை, தன் காலடியைக் கணக்கு வைத்தே வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்தத் தவறிய தூரத்தை ஸ்கேலால் அளந்து, தாளை இழுத்த தூரத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நண்டைக் கையில் பிடிக்காதீர்கள், வளையைத் தோண்டாதீர்கள்.

அர்ஜென்டினாவில் டேனியல் டோம்சிக் குழுவினர் உயிருள்ள நண்டின் பார்வை நரம்பு செல்களில் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். ஆபத்தில்லாத நிழலைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அந்தத் துடிப்பே அடங்கிப்போகிறது. உங்கள் மணியையும் ஒரே நண்டுக்குத் திரும்பத் திரும்பக் காட்டி, எத்தனையாவது தடவையில் ஓடுவதை நிறுத்துகிறது என்று குறியுங்கள்.