பொருத்தம் இசட் அச்சில் இருக்கிறது: சிறிய சிஎன்சி இயந்திரத்தில் மரப் பதிப்பு வேலை

சிஎன்சி, அதாவது கணினி நகர்த்தும் வெட்டு இயந்திரத்தில், ஒரு பலகையில் உருவத்தைக் குழியாக வெட்டி, அதே உருவத்தை வேறு நிற மரத்தில் வெட்டி அதற்குள் அமர்த்தும் பதிப்பு வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நேர்ச்சுவர் முறையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 3.175 மி.மீ. எண்ட் மில்லால் (தட்டையான நுனியுள்ள உருளைக் கட்டர்) குழியைத் தோண்டி, அதே கட்டரால் துண்டின் வெளிக்கோட்டை வெட்டி, மென்பொருளில் பக்கத்துக்கு 0.05 மி.மீ. இடைவெளி கொடுத்துச் சேர்த்துப் பார்த்தால், ஓரிடத்தில் இறுகும். இன்னோரிடத்தில் நகம் நுழையும். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் ஆட்டம், அச்சை நகர்த்தும் ஸ்க்ரூ திசை மாறும்போது விடும் தளர்வு (பேக்லாஷ்), வெட்டும்போது கட்டர் வளைந்து விலகுவது ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகு, வீட்டு மேசையில் நிற்கும் 3018 ரக (30×18 செ.மீ. வேலைப் பரப்புள்ள) இயந்திரத்தில் 0.05 என்ற எண்ணுக்குப் பொருள் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, வட்டமான கட்டர் குழியின் ஒவ்வோர் உள்மூலையிலும் ஏறக்குறைய 1.6 மி.மீ. ஆரத்தை விட்டுச் செல்லும். அதை உளியால்தான் எடுக்க வேண்டும்.

சிறிய இயந்திரம் வைத்திருப்பவர்கள் 60 பாகை வி-பிட்டை (V போலக் கூம்பி முடியும் கட்டர்) கொண்டு சரிவுச் சுவராக வெட்டுவதே நல்லது என்பது என் முடிவு. கோவை வட்டாரத்தில் பம்பு வார்ப்படங்களுக்கு மரப் பேட்டர்ன், அதாவது வார்ப்பு மண்ணில் பதித்து எடுக்கும் மர அச்சு, செய்தவர்களுக்கு இந்தச் சரிவு புதிதல்ல. கோவையின் கணபதி பகுதியில் ஒரு பேட்டர்ன் பட்டறையில் வயதான ஆசாரி ஒருவர், "சரிவு வெக்காம செஞ்சா மண்ணையும் பேத்துக்கிட்டுத்தான் தம்பி வெளிய வரும்" என்று எனக்குச் சொன்னார். அவருக்கு அச்சு வெளியே வருவதற்குச் சரிவு தேவைப்பட்டது. நமக்குத் துண்டு உள்ளே போவதற்குத் தேவைப்படுகிறது. சரிவான சுவரில், துண்டு பக்கத்துக்கு 0.1 மி.மீ. பெரிதாகிவிட்டால் அது 0.17 மி.மீ. மேலே நின்றுகொள்ளுமே தவிர, விளிம்பில் இடைவெளி தெரியாது. உருவம் முழுவதும் சமமாகப் பரவிய பக்கவாட்டுப் பிழை இவ்வாறு ஆழத்துக்குள் மறைந்துவிடும். ஆனால் பேக்லாஷால் வட்டம் நீள்வட்டமானால் சரிவு உதவாது. அதற்கு ஸ்க்ரூவின் நட்டையும், பெல்ட் உள்ள இயந்திரமானால் பெல்ட்டையும்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

ஆகவே இந்த முறையில் கவனமெல்லாம் கட்டர் மேலும் கீழும் நகரும் இசட் அச்சின் மீதே இருக்க வேண்டும். பலகையின் மேற்பரப்பு படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 0.2 மி.மீ. சரிந்திருந்தால், அந்த முனையில் விளிம்பு பக்கத்துக்கு 0.115 மி.மீ. விலகிவிடும். இயந்திரத்தின் தாங்கு பலகையையும், அதன் மேல் இறுக்கிய வேலைப் பலகையையும், பதிப்புத் துண்டுக்கான மரத்தையும் அதே இயந்திரத்திலேயே, அகலக் கட்டரால் 0.3 மி.மீ. அளவுக்குச் சீவிச் சமன்செய்துகொண்டு, பலகையைக் கழற்றாமல் அப்படியே செதுக்கத் தொடங்குவதுதான் பாதுகாப்பானது. கடையில் இழைத்து வாங்கிய பலகை சமமாகத்தான் இருக்கும் என்று நம்பி நான் கெடுத்த துண்டுகள் கொஞ்சமல்ல.

அடுத்து, பிட்டின் உண்மையான கோணத்தை அறிய வேண்டும். பெட்டியில் 60 என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல், உபயோகமற்ற ஒரு துண்டில் 1 மி.மீ. ஆழத்தில் ஒரு கோடும் 3 மி.மீ. ஆழத்தில் இன்னொரு கோடும் வெட்டி, மேற்பரப்பில் இரண்டின் அகலத்தையும் வெர்னியரால் அளக்க வேண்டும். கோணம் சரியாக 60 என்றால் முதலாவது 1.15 மி.மீ., இரண்டாவது 3.46 மி.மீ. இருக்கும். நீங்கள் அளந்தது 1.27 மற்றும் 3.58 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் கூடியிருக்கின்றன, ஆனால் இடையேயான வித்தியாசம் அதே 2.31தான், எனவே கோணத்தில் தவறில்லை, ஆழத்தை அளக்கத் தொடங்கும் இசட் ஜீரோதான் 0.1 மி.மீ. கீழே இறங்கியிருக்கிறது, அல்லது பிட்டின் நுனி அந்த அளவுக்கு மழுங்கியிருக்கிறது. வித்தியாசமே மாறியிருந்தால் கோணம் வேறு. அந்தக் கோணத்தைக் கணக்கிட்டு மென்பொருளில் திருத்த வேண்டும். ஐந்து நிமிட வேலைதான் என்றாலும், இதைத் தவிர்த்துவிட்டு மற்ற எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

மரத்தைப் பொறுத்தவரை, பழைய வீட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும் தேக்கு நிலை, சட்டம் ஆகியவை நன்கு காய்ந்திருக்கும் என்பதால் குழி வெட்டும் பலகைக்கு உகந்தவை. உள்ளே ஒடிந்த ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிப்புத் துண்டுக்கு வெண்ணிறமும் நெருக்கமான இழையும் கொண்ட வெப்பாலையைத் தேர்ந்தெடுத்தேன், ஏனெனில் நான் பதிக்க விரும்பியது வெண்ணிறக் காங்கேயம் காளையின் தலையையும் வளைந்த கொம்புகளையும். இரண்டு மரத்தின் ரேகையும் ஒரே திசையில் ஓட வேண்டும். அதோடு இரண்டையும் ஒரே நாளில் வெட்டி அன்றே ஒட்ட வேண்டும். ஓர் ஊஞ்சல் பலகையில் சித்திரை வெயிலில் குழியை மட்டும் வெட்டிச் சாத்திவைத்துவிட்டு, ஐப்பசி மழையில் துண்டை வெட்டினேன்; பலகை ஈரத்தை வாங்கி ரேகைக்குக் குறுக்காக விரிந்திருந்ததால், கன்னத்தின் இருபுறமும் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. ரேகைத் திசையில் மட்டும் பொருத்தம் அப்படியே இருந்தது.

இனி எண்கள். குழியின் ஆழம் 4 மி.மீ. துண்டைத் தன் பலகையிலிருந்து பிரிக்காமல், புடைத்து நிற்கும் உருவமாக வெட்டி, கவிழ்த்துத்தான் குழிக்குள் அமர்த்துகிறோம்; அதனால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, தொடக்க ஆழம் (துண்டு குழிக்குள் இறங்க வேண்டிய அளவு) 3.5 மி.மீ., அதற்குக் கீழே வெட்டும் ஆழம் 1.5 மி.மீ. என்று கொடுக்க வேண்டும். அப்போது துண்டு குழிக்குள் 3.5 மி.மீ. இறங்கிச் சுவரில் இறுகும்; அடியில் பசைக்கு 0.5 மி.மீ. மிஞ்சும், இரண்டு பலகைகளுக்கு நடுவே 1.5 மி.மீ. இடைவெளி நிற்கும். துண்டின் மொத்த வெட்டு 5 மி.மீ. என்பதால் 6.35 மி.மீ. விட்டமுள்ள பிட்டே போதும். அதன் வெட்டும் உயரம் 5.5 மி.மீ. மட்டுமே என்பதை மறந்து இன்னும் ஆழமாகப் போனால் பிட்டின் தண்டு மரத்தில் உரசிக் கருகும். அகன்ற பகுதிகளை 3 மி.மீ. எண்ட் மில்லால் முதலில் தோண்டிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் கட்டரை மாற்றிய பின் ஜீரோவை அதே இடத்தில், அதே தொடு தகட்டை (கட்டர் நுனி தொட்டதும் ஜீரோவைக் குறிக்க உதவும் தகடு) கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும்.

வெட்டி முடித்ததும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இரண்டிலும் உள்ள நாரையும் தூளையும் நீக்கிவிட்டு, பசையில்லாமல் சேர்த்து அழுத்தி, இரண்டு பலகைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (கனம் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். 1.5 என்றால் எண்ணியபடி வந்திருக்கிறது. 2 மி.மீ. வரை இருந்தாலும் கவலையில்லை, பதிப்பின் கனம் 3 மி.மீ. ஆகக் குறையும், அவ்வளவே. அதற்கும் மேல் இருந்தால் மூலையில் தூள் அடைத்திருக்கக்கூடும். அஞ்ச வேண்டியது 1.0 என்ற அளவுக்குத்தான்: துண்டு குழியின் அடியைத் தொட்டுவிட்டது, சுவர் இன்னும் இறுகவில்லை. இறுக்கிப் பிடித்தால் சேரும் என்று கிளாம்ப்பை முறுக்காமல், தொடக்க ஆழத்தை 3.2 ஆகக் குறைத்து, புதிய துண்டு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் வெவ்வேறு அளவு வந்தால் மேற்பரப்பு சமமாக இல்லை.

ஃபெவிகாலைக் குழியின் சுவரிலும் அடியிலும் துண்டின் சுவரிலும் மெல்லிய பூச்சாகத் தடவி, மேலே ஒரு கனமான சமப் பலகையை வைத்து, கிளாம்ப்புகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கி, 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிறகு மேல் மரத்தை ரம்பத்தால் அறுப்பதைவிட, இயந்திரத்திலேயே அகலக் கட்டரால் ஒரு நடைக்கு 1 மி.மீ. வீதம் சீவிவிடுவதையே நான் விரும்புகிறேன். கடைசி 0.2 மி.மீ. மட்டும் கைக்கு மிச்சமிருக்கட்டும். அதையும் உப்புத்தாளால் தேய்க்காமல் எஃகு ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுங்கள், ஏனெனில் தேக்கின் பழுப்புத் தூள் வெப்பாலையின் துளைகளில் படிந்து வெள்ளையை அழுக்காக்கிவிடும்.

சுரண்டும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவர் சரிவானது என்பதால், மேற்பரப்பை 0.1 மி.மீ. குறைக்கும்தோறும் உருவம் இருபுறமும் சேர்ந்து 0.115 மி.மீ. ஒடுங்கும். காளையின் கன்னத்தில் இது யாருக்கும் தெரியாது. ஆனால் நுனியில் 0.5 மி.மீ. அகலமே இருந்த என் முதல் காளையின் கொம்பு, 0.4 மி.மீ. தேய்த்ததும் அரை விரற்கடை குட்டையாகிவிட்டது. இப்போது நான் வரைபடத்திலேயே கொம்பு நுனியை 1 மி.மீ. அகலத்தில் மழுக்கலாக முடித்துவிடுகிறேன். சுரண்டச் சுரண்ட அது தானே கூராகிறது.