சொகுசுக் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

காரோடு வந்த வாரண்டி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, அதைப் பணம் கட்டி நீட்டிக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டிக்காக சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வரும். "சார், இப்போ எடுத்தா இந்த ரேட். தேதி தாண்டிட்டா எடுக்கவே முடியாது" என்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அதற்காக அந்த போனிலேயே சரி என்று சொல்லிவிட வேண்டியதில்லை. அந்த இரண்டு மாதத்தை வைத்து முடிவெடுக்கலாம். கார் டெலிவரி எடுக்கும் நாள்தான் இதற்கு மோசமான நாள். அன்று வாரண்டித் தொகையையும் கார் லோனில் சேர்த்துவிடுவார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்துத் தொடங்கப் போகிற ஒன்றுக்கு அன்றிலிருந்தே வட்டி ஓடும். சில கம்பெனிகளில் காரின் வயது ஏற ஏற வாரண்டி விலையும் ஏறும். எந்த மாதத்தில் எவ்வளவு ஏறுகிறது என்ற பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த ஏற்றம் நீங்கள் கட்டப்போகும் வட்டியைவிட அதிகம் என்றால் மட்டுமே முன்கூட்டி எடுப்பதில் லாபம்.

ஏற்கெனவே கையில் இருப்பது என்ன?

மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியாவில் 3 வருட வாரண்டியை, கிலோமீட்டர் வரம்பில்லாமல் தருகிறது. மற்ற கம்பெனிகளில் மாடலுக்கும் வாங்கிய வருடத்துக்கும் ஏற்ப மாறும். உங்கள் காரின் வாரண்டிப் புத்தகத்தில் உள்ள தொடக்கத் தேதியைப் பாருங்கள். ஷோரூம் டெமோ காரை வாங்கியிருந்தால், உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே சில மாதங்கள் ஓடிப்போயிருக்கலாம்.

அடுத்து, மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சர்வீஸ் பேக்கேஜ் என்பது ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் போன்ற வழக்கமான வேலைக்கு. பிஎம்டபிள்யூவில் இது 'சர்வீஸ் இன்க்ளூசிவ்'. பழுதுக்கானது 'ரிப்பேர் இன்க்ளூசிவ்'. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவது இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. மூன்றாவது இன்ஷூரன்ஸ். 'பம்பர் டு பம்பர்' என்பது தேய்மானம் கழிக்காமல் விபத்துச் செலவைத் தரும் இன்ஷூரன்ஸ். கியர்பாக்ஸ் தானாகப் பழுதானால் அதில் பைசா வராது. மாறாக, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களுக்கு எந்த வாரண்டியும் உதவாது. தண்ணீருக்குள் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் நீர் போய், அதை அமுக்க முடியாமல், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். அதற்கு இன்ஷூரன்ஸில் 'என்ஜின் புரொடெக்ட்' தனியாக எடுத்திருக்க வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற இடங்களில் இருப்பவர்கள், இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் முதலில் என்ஜின் புரொடெக்ட் எடுக்கட்டும்.

எந்தப் பாகம், ஏன் போகிறது?

வாரண்டி விலை அதிகமா குறைவா என்று யோசிப்பதைவிட, உங்கள் காரில் விலை உயர்ந்த பலவீனமான பாகம் எது, அது பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

கூலன்ட் பக்கம் முதலில். ஆடி, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் பெட்ரோல் கார்களில் வரும் ஈஏ888 என்ஜினில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒன்றாக இருக்கும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டு அந்தக் கூடு கசியத் தொடங்கும். ஜெர்மன் கார்கள் பலவற்றில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட், வால்வ் கவர் கேஸ்கெட் இரண்டும் கெட்டிப்பட்டு ஆயில் கசியும். டர்போ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ரப்பருக்கு நம் ஊர் மே மாத டிராஃபிக் இன்னும் கொடுமை. பாகம் மலிவு, அதை எட்டுவதற்குக் கழற்றும் வேலைக்குத்தான் கூலி. பிஎம்டபிள்யூவின் பழைய என்47 டீசல் இதற்கு நல்ல உதாரணம். டைமிங் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும். செயின் தளர்ந்தால் கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்கித்தான் வேலை.

ஏர் சஸ்பென்ஷன் இருக்கும் காருக்கு வாரண்டி பற்றி யோசிக்க அது ஒன்றே போதும். காற்றுப் பையில் சின்னக் கசிவு வந்தாலும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அந்த இழப்பை ஈடுகட்டப் பார்க்கும். கசிவைக் கவனிக்காமல் விட்டால் கம்ப்ரஸரும் சேர்ந்து போகும். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்களில் கிளட்சைவிட மெகாட்ரானிக் யூனிட்தான் செலவு வைக்கும். எலெக்ட்ரானிக்ஸும் ஆயில் வால்வுகளும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். பிஎஸ்6 டீசலைத் தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டரான டிபிஎஃப் அதை எரிக்கும் அளவுக்குச் சூடாகாமல் அடைத்துக்கொள்ளும். ஆனால் இந்த அடைப்பை 'பயன்படுத்திய விதம்' என்று சொல்லி வாரண்டியில் மறுக்க இடமுண்டு. புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரின் பழுது அப்படியல்ல. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

எல்இடி ஹெட்லேம்ப், டச் ஸ்கிரீன், 48 வோல்ட் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர், பனோரமிக் சன்ரூஃப் மோட்டார் ஆகியவை ஒவ்வொன்றாகப் போனாலும் லட்சத்தை நோக்கி இழுக்கும். மின்சாரக் கார் என்றால் டிரைவ் பேட்டரிக்குத் தனி வாரண்டி ஏற்கெனவே இருக்கும், பொதுவாக 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதற்கே மறுபடி பணம் கட்டிவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரிகள்

விளம்பரத் தாளை நம்பாமல் முழு ஒப்பந்தத்தையும் பிடிஎஃப்பாகக் கேளுங்கள். அது இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும். 'இவை தவிர எல்லாம் உண்டு' என்று எழுதியிருந்தால் நல்லது. 'இவை மட்டும் உண்டு' என்று பாகங்களை அடுக்கியிருந்தால், மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாக அதில் தேடுங்கள். பட்டியலில் பெயர் இல்லாத சென்சாருக்குப் பணம் வராது.

பிறகு இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, பதிலையும் மின்னஞ்சலில் வாங்குங்கள்:

- பொறுப்பு கார் கம்பெனியுடையதா, டீலருடையதா, வெளி நிறுவனத்துடையதா? டீலருடையது என்றால் வேறு ஊரில் செல்லுமா?
- ஒரு கிளெய்முக்கும் மொத்தத்துக்கும் உச்சவரம்பு உண்டா? ஒவ்வொரு முறையும் நம் கைக்காசு எவ்வளவு?
- கூலி, பழுதைக் கண்டுபிடிக்கும் கட்டணம், வேலையின்போது மாற்றும் கூலன்ட், ஆயில் இவை சேருமா?
- வாட்டர் பம்ப் நின்று அதனால் சிலிண்டர் ஹெட் வளைந்தால், ஹெட்டுக்கும் சேர்த்து உண்டா?
- ஆயில் கசிவு பழுதா, தேய்மானமா?

கடைசி இரண்டில்தான் பெரும்பாலான சண்டைகள் வருகின்றன. வெளி நிறுவன வாரண்டி மலிவாக இருப்பதற்கும் பல நேரம் அங்கேதான் காரணம் இருக்கும்.

டயர், பிரேக், வைப்பர், 12 வோல்ட் பேட்டரி, எலி கடித்த வயர், கலப்பட எரிபொருள் இவற்றை அனேகமாக எல்லா ஒப்பந்தமும் விலக்கும். ரன்-ஃபிளாட் டயர் பள்ளத்தில் வீங்கினாலும் அதே கதை. சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்ஷை எந்தப் பக்கம் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் சாலைகளில் முதலில் போவது அதுதான்.

கணக்கு

ஒரு வருட நீட்டிப்பு 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி 21,600. ஆக 1,41,600. இனி சர்வீஸ் சென்டரின் பாகங்கள் கவுண்டரில், உங்கள் சேசிஸ் எண்ணுக்கு நான்கைந்து பெரிய வேலைகளின் எஸ்டிமேட்டை கூலியோடு கேளுங்கள். அதே மாடலைப் பார்க்கும் வெளி மெக்கானிக்கிடம், அந்த வருடத்தில் அவை வரும் வாய்ப்பை நூற்றுக்கு எத்தனை என்று கேளுங்கள். கீழே உள்ள எண்கள் வழிமுறையைக் காட்டப் போட்டவை மட்டுமே:

- மெகாட்ரானிக் 3,50,000, வாய்ப்பு 8: 28,000
- ஏர் சஸ்பென்ஷன் 2,50,000, வாய்ப்பு 15: 37,500
- பம்ப், கூலன்ட் கசிவு 90,000, வாய்ப்பு 25: 22,500
- ஸ்கிரீன், ஹெட்லேம்ப் 2,00,000, வாய்ப்பு 12: 24,000

மொத்தம் 1,12,000. கட்டுவதைவிட 29,600 குறைவு. இது ஆச்சரியமில்லை; லாபமில்லாமல் யாரும் வாரண்டி விற்பதில்லை. அந்த 29,600 என்பது திடீரென்று மூன்றரை லட்சம் பில் வராது என்ற நிம்மதியின் விலை. அந்தப் பில்லை லோன் இல்லாமல் கட்ட முடிகிறவர், வருடம் 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், ஏர் சஸ்பென்ஷன் இல்லாத சாதாரண மாடல் வைத்திருப்பவர் மூவரும் வாரண்டிப் பணத்தை வங்கியில் தனியாகப் போட்டு வைத்துக்கொள்ளலாம். வருடம் 25,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்குக் கிலோமீட்டர் வரம்பில்லாத ஒப்பந்தம் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். குறைவாக ஓட்டுகிறவர்கள் கட்டும் பணத்தில் அவர் கார் ஓடுகிறது. அடுத்த ஆறு மாதத்தில் விற்கப் போகிறவருக்கு, வாரண்டி அடுத்த உரிமையாளர் பெயருக்கு மாறும் என்றால் மட்டும் அர்த்தமுண்டு. மாற்றக் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், முடிவதற்கு 45 நாள் முன்பு

காரை முந்தின இரவே சர்வீஸ் சென்டரில் விட்டு, காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செயின் சத்தம், புகை எல்லாம் அப்போதுதான் தெரியும். அடித்தட்டைக் கழற்றி ஆயில், கூலன்ட் கசிவைப் பார்க்க வேண்டும். எல்லா கன்ட்ரோல் மாட்யூல்களையும் ஸ்கேன் செய்த பிரிண்ட் வாங்குங்கள். ஏர் சஸ்பென்ஷன் என்றால், வீட்டிலேயே சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை இரவில் அளந்து எழுதி, காலையில் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் 10 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் கசிவைச் சந்தேகிக்கலாம்.

கண்ட குறை எல்லாம் ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டரின் வேலைப் பதிவுத் தாளில், தேதியோடு ஏற வேண்டும். "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம் சார்" என்ற வாய்வார்த்தை வாரண்டி முடிந்த மறுநாள் செல்லாது. தேதிக்கு முன் பதிவான குறையை வைத்துப் பிறகும் வாதாட முடியும். உதிரிபாகம் வர நாளாகும் என்பதால்தான் 45 நாள் முன்பு போகச் சொல்கிறோம்.

எடுத்த பிறகு மறுக்கப்படாமலிருக்க

சர்வீஸ் தேதியைத் தவறவிடுவதுதான் மறுப்புக்கு முதல் காரணம். ஆயில் தரம் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும்: பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப்-04, மெர்சிடிஸுக்கு 229.51 அல்லது 229.52, ஆடிக்கு 504 00 / 507 00 போல, உங்கள் கையேடு சொல்வது எதுவோ அது. டேஷ்கேமுக்கு வயரை வெட்டி ஒட்டாமல் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து எடுங்கள். ஈசியு ரீமேப் (பவரைக் கூட்ட என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்துவிட்டு, சர்வீஸுக்கு முன் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஆடி, ஃபோக்ஸ்வாகன் கார்களில் சர்வீஸ் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து 'டிடி1' என்று குறித்துவிடும். அதன் பிறகு என்ஜின், கியர்பாக்ஸ் கிளெய்ம் கிடைப்பது கடினம்.

மறுத்தால், எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பழைய பாகத்தைப் படமெடுத்து வையுங்கள். கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதியும் பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். இணையத்திலேயே புகார் தரலாம், பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் தர வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம்.

கார் விபத்தில் டோட்டல் லாஸ் ஆனால் மீதி மாதங்களுக்கான வாரண்டிப் பணம் திரும்பக் கிடைக்குமா என்ற வரியும் ஒப்பந்தத்தில் எங்கோ இருக்கும். இருந்தால் யாரும் தாமாக நினைவூட்ட மாட்டார்கள். நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.