கட்டிலோரத்துக்கு ஒரு பழைய மேஜை

வேலூர்ப் பக்கத்தில் 1950, 60களின் கட்டிலோர மேஜை தேடுகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு சாமான் நம் வீடுகளில் பெரும்பாலும் இருந்ததே இல்லை. குடியாத்தத்தில் என் பாட்டி வீட்டில் இருந்தது ஒரே ஒரு கட்டில். அது தாத்தாவுக்கு. மற்ற பதினோரு பேருக்கும் பாய்தான். தாத்தாவின் மூக்குக் கண்ணாடி சுவர் மாடத்தில் இருக்கும், தண்ணீர்ச் சொம்பு தலைமாட்டில் தரையில் இருக்கும். பாயில் படுக்கிறவர்களுக்கு மேஜை எதற்கு?

அதனால் "பழைய வீடுகளில் கிடைக்கும்" என்று நம்பி அலைந்தால் கால்தான் வலிக்கும். நான் ஒரு வருஷம் அப்படி அலைந்தேன். கட்டில்கள் வரிசையாக எங்கே கிடந்தனவோ, அந்த இடத்துச் சாமான்கள் எந்தக் கடைக்குப் போகின்றன என்று விசாரிக்க வேண்டும். அந்த விஷயத்தில் நம் ஊருக்குக் குறைவில்லை. 1900-ல் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை இன்று இந்த ஊரையே ஆஸ்பத்திரி ஊராக்கி வைத்திருக்கிறது. அதைச் சுற்றி நர்சுகள் தங்கிய விடுதிகள், மிஷன் பங்களாக்கள். காட்பாடி, ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸ். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளிகள் வெளியூர் வியாபாரிகளுக்காக வைத்திருந்த விருந்தினர் அறைகள். இந்த மாதிரி இடங்களில் கட்டில் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன மேஜையும் இருந்தது.

எனக்கு சத்துவாச்சாரியில் வீடு, பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. நாலு வருஷத்தில் ஐந்து மேஜை வாங்கியிருக்கிறேன். இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஒன்று தங்கைக்கு, ஒன்று தோழிக்குப் போனது. ஐந்தாவது வெந்நீர் அடுப்புக்குப் போனது. அந்தக் கதை பின்னால் வரும்.

கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்பதே பெரிய விஷயம். கட்டிலோர மேஜை என்றால் யாருக்கும் புரியாது. "ஆன்டிக்" என்றால் நன்றாகப் புரிந்துவிடும், விலை அந்த நிமிஷமே இரண்டு மடங்காகும். சண்டிகர் நகரத்தைக் கட்டியபோது பியர் ஜானரே என்ற கட்டடக் கலைஞர் அரசு அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலி மேஜைகள் வடிவமைத்தார். பிற்பாடு அவை பழசாகிப் போய்க் குப்பையாகக் குவிந்து, அடிமாட்டு விலைக்கு ஏலம் போய், கடைசியில் வெளிநாட்டு ஏலக்கூடங்களில் லட்சக்கணக்கில் விற்றன. அந்தச் செய்தி எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. இப்போது கால் கொஞ்சம் சரிந்திருந்தாலே "சண்டிகர் மாடல் மேடம்" என்கிறார்கள்.

நான் கேட்பது இப்படித்தான்: "பாய், போன் வைக்கிற ஸ்டேண்டு மாதிரி, டிராயர் வெச்சது, ஏதாவது கிடக்குதா?"

"அந்த மூலைல ரெண்டு மூணு கிடக்கும், பாரும்மா."

அந்த மூலைதான் நமக்கு வேண்டும். லேண்ட்லைன் போன் வந்த காலத்தில் இந்த மேஜைகளில் பாதி, போன் ஸ்டேண்டாக வேலை பார்த்தவை. ஆஸ்பத்திரிச் சாமான் வேண்டுமென்றால் "லாக்கர்" என்று கேளுங்கள். மரச்சாமான் கடைகளைவிட, பழைய வீடுகளை இடித்துக் கதவு ஜன்னல் விற்கிறவர்களிடம் நல்லது மாட்டும். அவர்களுக்குத் தேவை நிலையும் உத்திரமும்தான், சின்ன மேஜை இடத்தை அடைக்கிற சனியன். போகிக்கு முந்தைய வாரம் காயலான் கடைகளை ஒரு சுற்று சுற்றுங்கள். மரம் என்றால் நெருப்பில் போட்டுவிடுகிற புண்ணியவான்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை முந்த வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும் ஒருமுறை போய் வந்தேன். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அங்கே கடைக்காரருக்கு எல்லாம் தெரியும், விலையும் அப்படியே.

சரி, மூலையில் கிடப்பது எந்தக் காலத்தது? காலைப் பாருங்கள். கடைசல் பிடித்து, உருண்டை உருண்டையாக வளையம் வைத்த கால் என்றால் அதற்கு முந்தைய வெள்ளைக்கார பாணி. நாம் தேடும் காலத்து மேஜைக்குக் கால் வெறுமனே இருக்கும். மேலே தடித்து, கீழே போகப் போக மெலிந்து, கொஞ்சம் வெளிப்பக்கம் சரிந்து நிற்கும். சிலவற்றில் கால் நுனிக்குப் பித்தளைத் தொப்பி உண்டு. செதுக்கு வேலை, பூ, கொடி எதுவும் இருக்காது. டிராயருக்குப் பித்தளைக் கைப்பிடிக்குப் பதில் மரக்குமிழ், அல்லது விரல் நுழைய ஒரு பள்ளம் மட்டும். மேலே சன்மைக்கா ஒட்டியிருந்தால் அதற்காக ஒதுக்காதீர்கள், அந்தக் காலத்தின் பெருமையே அதுதான். மூலை தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஆனால் வெளித்தோற்றத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டிராயரை முழுசாக உருவிக் கையில் எடுங்கள். உருவ விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

டிராயரின் முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி மரம் மரத்துக்குள் மாட்டியிருக்க வேண்டும். அந்தப் பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் பெரிசு சின்னதாக இருந்து, பக்கத்தில் மெல்லிய பென்சில் கோடோ கீறலோ தெரிந்தால் ஒரு ஆசாரி கையால் அறுத்தது. எல்லாம் அச்சு வார்த்த மாதிரி ஒரே அளவென்றால் மெஷின் வேலை. அதுவும் மோசமில்லை. வெறும் ஆணி அடித்து ஒட்டியிருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள். திருகாணித் தலையையும் பாருங்கள். ஒற்றைக் கோடு போட்ட தலை என்றால் நல்ல அறிகுறி. கூட்டல் குறி போட்ட, பளபளக்கும் தலை என்றால் சமீபத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பிறகு அடிப்பக்கம். பழைய மேஜையின் அடியில் யாரும் பாலிஷ் போடுவதில்லை. மரம் காய்ந்து கறுத்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அடியிலும் ஒரே சீராகப் பழுப்புச் சாயம் பூசியிருந்தால், ரப்பர் மரத்துக்குத் தேக்கு வேஷம் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு ஓரத்தைச் சாவியால் லேசாகச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோங்கள். தேக்கு என்றால் தோல் வாசனை வரும். ஆம்பூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் சொல்வது ஷாப்பு நாற்றம் இல்லை, புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால் வரும் வாசனை.

தேய்மானமும் பேசும். அறுபது வருஷம் புழங்கிய டிராயரில் குமிழின் அடிப்பக்கம்தான் கறுத்திருக்கும், ஏனென்றால் விரல் அங்கேதான் படும். டிராயர் ஓடும் கட்டை குழிந்திருக்கும். மேலே டம்ளர் வைத்த வட்டம் இருக்கும். எல்லா முனையும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை.

இனி அடுப்புக்குப் போன மேஜையின் கதை. ஊர்க்கோடியில் ஒரு கடையில் ஜோடியாக இரண்டு கிடைத்தன. ஜோடி என்றதும் மயங்கிவிட்டேன், 3,500 ரூபாய். வீட்டில் வைத்த மூன்றாம் நாள் காலையில் ஒன்றின் காலடியில் மைதா மாவு கொட்டியது போல ஒரு சின்னக் குவியல். பெருக்கித் தள்ளினேன். மறுநாள் மறுபடியும். சட்டம் தேக்குதான், ஆனால் டிராயரின் அடிப்பலகையும் முதுகுப்பலகையும் ஏதோ மலிவு மரம். வண்டு அதைத் தின்றுவிட்டுத் தேக்கின் வெள்ளைப் பகுதிக்கும் போயிருந்தது. வைரம் பாய்ந்த தேக்கை அது சீக்கிரம் தொடாது. வெளிறிய ஓரக்கட்டைதான் அதற்குப் பிடிக்கும். கணியம்பாடியிலிருந்து வந்த ஆசாரி ஒரு ஊசியைக் குத்திப் பார்த்தார். அவல் மாதிரி உள்ளே போயிற்று. "எரிச்சிடும்மா, கட்டிலுக்கும் ஏறிடும்" என்றார். கடைக்காரரிடம் போய்ச் சொன்னதற்கு, "உங்க வீட்டு வண்டா இருக்கும்" என்று பதில் வந்தது.

ஆகவே இதைச் செய்யுங்கள். ஓட்டைகள் இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், பழைய ஓட்டையின் உள்பக்கம் கறுத்திருக்கும், வண்டு என்றோ போயிருக்கும். ஓட்டை உள்ளே வெளிறிப் புதுசாக இருந்தால்தான் ஆபத்து. மேஜையைத் தூக்கி நாலு தட்டு தட்டி, கீழே ஒரு கறுப்புத் துணியையோ காகிதத்தையோ விரித்துப் பாருங்கள். மாவு போல விழுந்தால் வண்டு. கசகசா போலக் குறுணையாக விழுந்தால் உலர்ந்த மரத்திலேயே குடியிருக்கும் கரையான். இரண்டாவதைச் சும்மா கொடுத்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் வாங்கிய மேஜையைக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டில் இறுகக் கட்டி மொட்டை மாடியில் கத்திரி வெயிலில் ஒரு வாரம் போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு. வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடு ஒட்டியதையோ சன்மைக்கா ஒட்டியதையோ மட்டும் அப்படிப் போட்டுவிடாதீர்கள், அப்பளமாக எழும்பிக்கொள்ளும்.

உயரத்தை நிறையப் பேர் மறக்கிறார்கள். கடைக்குப் போகும் முன் மெத்தையோடு சேர்த்துக் கட்டில் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மேஜையின் மேல்பலகை மெத்தைக்குச் சமமாகவோ, இரண்டு அங்குலம் ஏறியோ இறங்கியோ இருந்தால் கை எட்டும். எங்கள் கட்டில் மெத்தையோடு 22 அங்குலம். ஆஸ்பத்திரி லாக்கர்கள் 30 அங்குலத்துக்குக் குறையாமல் வருகின்றன, அந்தக் கட்டில்கள் உயரமாக இருந்தன, பக்கத்தில் நர்ஸ் நின்றுகொண்டுதான் வேலை பார்த்தார். படுத்தபடி தண்ணீர் எடுக்க நினைத்தால் நம் தலையில் கொட்டும். காலை வெட்டிக் குறைக்கலாம் என்பார்கள். நுனி மெலிந்த காலின் அடியை வெட்டினால் மெலிந்த பகுதிதான் போகும், மிச்சம் யானைக்கால். உயரம் குறைவாக இருந்தால் கட்டை வைத்து ஏற்றலாம், அதிகமானால் வாங்காதீர்கள்.

லாக்கர் பற்றி இன்னொன்று. கிரீம் கலரிலோ பச்சையிலோ நாலு கோட் பெயிண்ட் ஏறியிருக்கும். அதை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய பெயிண்டின் தூசியில் ஈயம் இருக்கலாம், சின்னக் குழந்தை உள்ள வீட்டில் ரொம்ப ஜாக்கிரதை. பெயிண்ட் ரிமூவர் தடவி ஈரத்தோடு வழித்தெடுங்கள், அதையும் வெளியில் வைத்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் உரியாத பெயிண்டை அப்படியே விட்டு மேலே ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

என் மாமியாருக்குப் பெயிண்ட் பிரச்சினை இல்லை. "ஆஸ்பத்திரி சாமானை யாராவது வீட்டுக்குள்ள கொண்டாருவாங்களா? யார் யார் எப்படி எப்படிப் போனாங்களோ!" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். குணமாகி வீட்டுக்குப் போனவர்கள்தானே அதிகம் அத்தை என்று சொல்லிப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு கற்பூரம் ஏற்றிய பிறகு உள்ளே விட்டார். இப்போது அவருடைய பல்செட்டும் மாத்திரை டப்பாவும் அதில்தான்.

பெயிண்ட் இல்லாத மரமென்றால் பாலிஷைக் கவனியுங்கள். பார்வையில் படாத மூலையில் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு வைத்தால் பிசுபிசுவென்று இளகும். அப்படி இளகினால் அது அரக்கு பாலிஷ். கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருந்தால் அதுவே போதும். அரக்கு என்றால் முழுசாகச் சுரண்ட வேண்டாம், துடைத்துவிட்டு மேலேயே இரண்டு கை பாலிஷ் போட்டால் எழும்பி வரும். தண்ணீர் டம்ளரின் வெள்ளை வளையமும் அதிலேயே போகும்.

விலைக்கு வருகிறேன். தேக்குச் சட்டம், நல்ல டிராயர், ஒற்றை மேஜை என்றால் நான் 1,200-லிருந்து 2,800 வரை கொடுத்திருக்கிறேன். ஒற்றையாக வாங்குங்கள். ஜோடிக்கு ஆசைப்பட்டால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும், எனக்கு நடந்தது அதுதான். கட்டிலின் இரண்டு பக்கமும் வேறு வேறு மேஜை இருந்தால் யாருக்கும் தூக்கம் கெடாது. ஆடினால் விலை குறையுங்கள், ஆனால் ஆட்டத்துக்காக ஒதுக்காதீர்கள். மூட்டைப் பிரித்துப் பழைய பசையைச் சுரண்டி மறுபடி ஒட்ட ஆசாரிக்கு அரை நாள் வேலை. சட்டம் பிளந்திருந்தால் மட்டும் திரும்பி வந்துவிடுங்கள்.

கொண்டுவருவதற்கு ஆட்டோ வேண்டாம். டிராயரைத் தனியே எடுத்துப் பையில் போட்டு, மேஜையைக் கவிழ்த்து டிவிஎஸ் எக்ஸெல்லின் பின்னால் சைக்கிள் ட்யூபால் கட்டினால் கொணவட்டத்திலிருந்து சத்துவாச்சாரி வரை அலுங்காமல் வரும். வீட்டுக்கு வந்ததும் டிராயரை மாட்டும் முன் அது ஓடுகிற கட்டையில் ஒரு மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் போடாதீர்கள், தூசியோடு சேர்ந்து மழைக்காலத்தில் சிக்கிக்கொள்ளும்.