கிளைடரில் காற்றுப்போக்கி: எங்கே வைக்கக் கூடாது

குளிர்காலம் வந்து கிளைடர்கள், அதாவது எஞ்சின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் விமானங்கள், பட்டறைக்குள் ஏறியதும் புதியவர் யாராவது துளைக்கருவியோடு வந்து நிற்பார். "காக்பிட்டில் புழுக்கம் தாங்கவில்லை, பின்னால் ஒரு துளை போட்டுவிடலாமா?" என்பார். நாங்கள் செய்து ஓய்ந்த தவறுகளையே அவர்களும் தொடங்குவதைப் பார்த்துத்தான், காக்பிட் காற்றை வெளியேற்றும் திறப்பான காற்றுப்போக்கியைப் பற்றி இதை எழுதுகிறேன். விளிம்பைத் தேய்க்காமல் விடுவது, மழைநீர் வடிய வழி வைக்காதது எல்லாம் பார்த்தாலே தெரிபவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேனபியை மட்டும் அடைப்பது

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மூக்கு நுனியில் ஏறத்தாழ 470 பாஸ்கல் மிகையழுத்தம் விழுகிறது. 200 கிலோமீட்டரில் அது நான்கு மடங்கு. மூக்குத் துவாரம் வழியே நுழையும் காற்றுக்குப் போக்கிடம் இல்லையென்றால் காக்பிட்டின் கண்ணாடி மூடியான கேனபியின் விளிம்பு இடுக்குகளில் பீறிடும். முன்னுடலில் சீராக வழுக்கிச் செல்லும் மெல்லிய காற்றுப் படலம் அங்கேயே கலைந்து இழுவை கூடும். விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுவது அவசியம், ஆனால் அது பாதி வேலைதான். வெளியேற வழி இல்லாத அறைக்குள் புதுக்காற்று வராது. விமானி வெயிலில் வேக வேண்டியதுதான்.

இறக்கை சேரும் இடத்தில் துளைப்பது

இன்றும் எனக்கு ஆத்திரம் மூட்டுவது இந்தத் தவறு. காரணம், இதைச் செய்பவர் பாடம் படித்துவிட்டுத்தான் செய்கிறார். இறக்கையின் மேற்பரப்பில் அழுத்தம் குறைவு, எனவே அதையொட்டி உடலின் பக்கவாட்டில் திறந்தால் காற்று நன்றாக உறிஞ்சப்படும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரி, இடம்தான் தவறு.

ஒருவர் அப்படியே செய்திருந்தார். உள்ளங்கை அகலத்துக்கு நேர்த்தியான செவ்வகத் துளை, இறக்கைக்குச் சற்று மேலே, இரு பக்கமும். காக்பிட் குளுகுளுவென்று இருந்தது. அதனால் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. ஆனால் அதே ரகக் கிளைடரோடு இணையாகப் பறந்தபோது ஒவ்வொரு சறுக்கலிலும் அவர் கீழே போனார். துளைக்குப் பின்னால் விரல் நீளக் கம்பளி நூல்களை வரிசையாக ஒட்டி, சிறிய கேமரா வைத்துப் பறக்கச் சொன்னோம். படத்தில் இறக்கையின் பின்விளிம்பை நெருங்கும் நூல்கள் துடித்தன; சில முன்பக்கமாகவே மடங்கிக் கிடந்தன. துளைமேல் டேப் ஒட்டிப் பறந்ததும் எல்லா நூல்களும் பின்னோக்கிப் படிந்தன.

உடலும் இறக்கையும் சேரும் மூலையில் காற்று ஏற்கெனவே களைத்துப்போய்த்தான் ஓடுகிறது. அங்கே வேகம் செத்த காக்பிட் காற்றைக் குறுக்கே கொட்டினால் ஓட்டம் பரப்பை விட்டே பிரிந்துவிடும். அந்தத் துளைகளை மூட, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடியிழையை அடுக்கடுக்காகப் படியவைத்து, ஜெல்கோட் என்ற மேல்பூச்சைப் பூசி, மறுபடி தேய்த்து மெருகேற்ற வேண்டியிருந்தது. ஒரு மதியத்தில் வெட்டியதற்கு ஒரு குளிர்காலமே போனது.

சரியான இடம் இறக்கைக்குப் பின்னால், உடலின் முதுகில். அங்கே படலம் எப்படியும் கொந்தளித்துவிட்டிருக்கும், கெடுக்க அதிகம் மிச்சமில்லை. வெறும் துளையும் போதாது. முன்புறம் மெல்ல எழும்பி, பின்புறம் திறந்த திமில் போன்ற மூடி வேண்டும். அந்த மேட்டின்மேல் வேகமெடுக்கும் காற்று அழுத்தத்தைக் குறைத்து உள்காற்றை இழுக்கும்; வெளியேறும் காற்றும் ஓட்டத்தின் திசையிலேயே போகும். 'மாண்டல்' என்ற பெயரில் கிளைடர்காரர்கள் அறிந்திருப்பது இந்த வகையைத்தான்.

உட்பாதையை மறப்பது

போக்கி வைத்தாகிவிட்டது, ஆனால் சாமான் அறைக்குப் பின்னுள்ள தடுப்பு மூடியே கிடக்கிறது. அப்போது காற்று எப்படி அங்கே போகும்? தடுப்பில் தாராளமாக வழி விடுங்கள். அதே சமயம் இறக்கைக்குள் கட்டுப்பாட்டுத் தண்டுகள் நுழையும் ஓட்டைகளை உறையிட்டு அடைத்துவிடுங்கள். இல்லையேல் காற்று இறக்கைக்குள் புகுந்து ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) இடுக்கிலும் காற்றுத்தடைத் தகடுகள் மடங்கியிருக்கும் பெட்டியிலும் மேற்பரப்புக்குக் கசியும்.

நிலையழுத்தத் துளைக்கு நேர் முன்னால் வைப்பது

கூடவே கூடாது. உயரமானிக்கும் வேகமானிக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தரும் அந்தத் துளைகள் பல கிளைடர்களில் வால்தண்டின் பக்கங்களில் இருக்கின்றன. அங்கே 1 ஹெக்டோபாஸ்கல் பிசகினால் உயரமானி ஏறக்குறைய 8 மீட்டர் பொய் சொல்லும், வேகமானியும் பிசகும்.

தயாரிப்பாளரைக் கேட்காமல் வெட்டுவது

அந்த ரகத்துக்கான தொழில்நுட்பக் குறிப்பும் ஆய்வாளரின் ஒப்புதலும் கையில் வரும்வரை துளைக்கருவி பெட்டியிலேயே இருக்கட்டும்.